கீபோர்டு யார் வாசிப்பார்கள்? இசை சிகிச்சைக்குக் கொடுக்க நினைப்பவர்களின் கேள்விகள்

போன இதழில் இசை சிகிச்சை பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: இதற்குப் பணம் கொடுக்கலாமா, கொடுத்தால் எப்படிக் கொடுப்பது. அதனால் இந்த முறை வேறு எந்தக் கேள்வியும் எடுக்கவில்லை. வரிச்சலுகை பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் கணக்கரைத்தான் கேட்க வேண்டும்.

*

கேள்வி: அம்மா கடைசி சில வருடங்கள் மறதி நோயோடு இருந்தார். எங்கள் பெயர்கூட மறந்த பிறகும் பழைய பாட்டு போட்டால் கூடவே முணுமுணுப்பார். அவர் இருந்த பராமரிப்பு இல்லத்துக்கு அவர் நினைவாக ஒரு நல்ல கீபோர்டு வாங்கித் தரலாம் என்று நானும் தம்பியும் பேசிக்கொண்டிருக்கிறோம். சரியான யோசனையா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: வாங்குவதற்கு முன்னால் அந்த இல்லத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை யார் வாசிக்கப் போகிறார்கள்? சட்டென்று ஒருவரைக் காட்டினால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். "யாராவது வாசிப்பாங்க" என்று இழுத்தால், உங்கள் கீபோர்டு உறை போட்டபடி ஒரு மூலையில் நிற்கப்போகிறது. இந்தத் துறையில் எப்போதும் தட்டுப்பாடாக இருப்பது பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் நேரம். கருவிகளுக்கு நன்கொடை கொஞ்சம் சுலபமாகவே கிடைத்துவிடும், ஏனென்றால் கருவியின் மேல் பெயர் பொறிக்கலாம், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். வாரம் தவறாமல் ஒருவர் வந்து உட்கார்வதற்கான சம்பளத்தின் மேல் எதையும் பொறிக்க முடியாதே.

இன்னொன்று, ஒரு மணி நேர அமர்வு என்பது ஒரு மணி நேர வேலை இல்லை. முதலில் அந்த மனிதரைக் கவனித்து மதிப்பீடு செய்ய வேண்டும், இவருக்கு எது குறிக்கோள் என்று முடிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் குறிப்பு எழுத வேண்டும், செவிலியர்களோடும் குடும்பத்தோடும் பேச வேண்டும், அப்புறம் மூத்த சிகிச்சையாளர் ஒருவரிடம் தன் வேலையை அவ்வப்போது காட்டி ஆலோசனை கேட்க வேண்டும். இதெல்லாம் சேர்ந்துதான் அந்தக் கட்டணம். அதனால் நீங்களும் தம்பியும் கீபோர்டுக்கு ஒதுக்கிய தொகையை அப்படியே வைத்துக்கொண்டு, இந்தப் பணத்தில் எத்தனை வாரம் ஒரு சிகிச்சையாளரை வரவழைக்க முடியும் என்று இல்லத்தாரிடம் கேளுங்கள்.

பலன் என்ன எதிர்பார்க்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். மறதி நோய் உள்ளவர்களுக்குக் குறைந்தது ஐந்து அமர்வுகளாவது இசை சார்ந்த சிகிச்சை கொடுத்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து 2018ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு ஒரு தொகுப்பு வெளியிட்டது. மனச்சோர்வு அனேகமாகக் குறைகிறது, ஒட்டுமொத்த நடத்தைச் சிக்கல்களும் ஓரளவு குறைகின்றன என்பது அதன் முடிவு. நினைவாற்றலிலும் கொந்தளிப்பிலும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. ஆக, மறந்தது திரும்பி வரும் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். ஒருவருடைய பகல் பொழுது கொஞ்சம் லேசாகும் என்று நினைத்துக் கொடுங்கள், அது சின்ன விஷயமே இல்லை.

தொகை அவ்வளவுக்கு வராது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் டான் கோஹன் என்பவர் ஆரம்பித்த 'மியூசிக் அண்ட் மெமரி' திட்டத்தில், இல்லத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் இளமைக்காலப் பாட்டுகளைத் தனித்தனியாகத் தொகுத்து, ஹெட்போனில் கேட்க வைப்பார்கள். இது சிகிச்சை இல்லை, ஆனால் நல்ல காரியம். இதற்குச் செலவு மிகக் குறைவு. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் கேட்ட பாட்டுகள்தான் பொதுவாக ஆழமாகப் பதிந்திருக்கும், அவற்றைக் கண்டுபிடிக்கக் குடும்பத்தாரிடம் உட்கார்ந்து பேசுகிற ஆள்தான் இதிலும் தேவை. சில பாட்டுகள் பழைய துக்கத்தையும் கிளப்பிவிடும், அதனால் போட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

*

கேள்வி: மருத்துவமனையில் பாட்டு போடுவதற்கும் இசை சிகிச்சைக்கும் என்ன வித்தியாசம்? இரண்டுக்கும் ஒரே பெயரில்தானே பணம் கேட்கிறார்கள்? (செவிலியர் படிப்பு மாணவி)

பதில்: கேட்கிறார்கள், அதுதான் குழப்பத்துக்குக் காரணம். சிகிச்சை என்றால் பயிற்சி பெற்ற ஒருவர், குறிப்பிட்ட ஒரு நோயாளிக்கு, குறிப்பிட்ட குறிக்கோளோடு இசையைப் பயன்படுத்துவது. ஒரு உதாரணம்: பக்கவாதம் வந்து மூளையின் இடது பக்கம் அடிபட்டவர்களில் சிலருக்குப் பேச்சு போய்விடும், ஆனால் பாட வரும். இதைப் பிடித்துக்கொண்டு 1973ல் பாஸ்டனில் ஒரு முறையை உருவாக்கினார்கள். "தண்ணி வேணும்" போன்ற அன்றாடச் சொற்றொடரை இரண்டே சுரத்தில் பாட வைத்து, கூடவே இடது கையால் தட்ட வைத்து, மெல்ல மெல்ல ராகத்தைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டு வருவார்கள். 2011ல் தலையில் சுடப்பட்ட அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியேல் கிஃபர்ட்ஸ் பேச்சை மீட்டதில் இசை சிகிச்சைக்கும் பங்கு உண்டு. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு, அவர்கள் நடக்கும் வேகத்துக்கு ஏற்ற தாளத்தை ஒலிக்க விட்டு அதோடு அடியெடுத்து வைக்கப் பழக்குவதும் இதே வகைதான்.

எல்லாமே இவ்வளவு கணக்காகவும் இருக்காது. அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃபும் இங்கிலாந்தில் சிறப்புக் குழந்தைகளுக்கு ஆசிரியராக இருந்த கிளைவ் ராபின்சும் 1959ல் சேர்ந்து ஆரம்பித்த முறையில் முன்கூட்டி எழுதிய பாட்டே கிடையாது. குழந்தை டிரம்மை எப்படித் தட்டுகிறதோ, அதைப் பின்தொடர்ந்து சிகிச்சையாளர் பியானோவில் பதில் சொல்வார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விளையாட்டு மாதிரிதான் தெரியும், ஆனால் அந்தக் குழந்தை முதல் முறையாக இன்னொருவருக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்வது அங்கேதான்.

இது நேற்று முளைத்த துறையும் இல்லை. இரண்டு உலகப் போர்களிலும் காயம்பட்டு வந்த வீரர்களுக்காக அமெரிக்க மருத்துவமனைகளில் இசைக்கலைஞர்கள் வாசிக்கப் போனார்கள், வெறுமனே வாசித்தால் போதாது, படிப்பு வேண்டும் என்று அங்கேதான் புரிந்தது. 1944ல் மிச்சிகன் ஸ்டேட் கல்லூரியில் முதல் பட்டப்படிப்பு வந்தது. இன்று அமெரிக்காவில் இசை சிகிச்சையாளர் ஆகப் பட்டம், 1,200 மணி நேர நேரடிப் பயிற்சி, தேர்வு என்று எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். பிரிட்டனில் அரசு ஒழுங்குமுறைப் பதிவேட்டில் இல்லாதவர் 'மியூசிக் தெரபிஸ்ட்' என்று போட்டுக்கொள்வதே சட்டப்படி தவறு. பல நாடுகளில் அப்படிச் சட்டம் இல்லை, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அங்கே பணம் கொடுப்பவர்தான், இவர் எங்கே படித்தார், எந்தச் சங்கத்தில் பதிவு செய்திருக்கிறார் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

*

கேள்வி: மன்னிக்கவும், எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. இந்த ராகம் சர்க்கரைக்கு, அந்த ராகம் இரத்த அழுத்தத்துக்கு என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் வருகிறது. இதற்கெல்லாம் நன்கொடை கொடுப்பது ஏமாளித்தனம் இல்லையா? (ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்)

பதில்: அந்தப் பட்டியலுக்குக் கொடுத்தால் ஏமாளித்தனம்தான், சந்தேகமே வேண்டாம். ராகம் மாத்திரை இல்லை. "மருந்தை நிறுத்துங்கள், இசை போதும்" என்று ஒரு நிறுவனம் மறைமுகமாகச் சொன்னாலும் அங்கே ஒரு காசு கொடுக்காதீர்கள். நீங்கள் ஆசிரியர் என்பதால் இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். மொசார்ட் கேட்டால் குழந்தை புத்திசாலி ஆகும் என்ற கதை 1993ல் நேச்சர் இதழில் வந்த ஒரு சின்ன ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் இருந்தவர்கள் 36 கல்லூரி மாணவர்கள், குழந்தைகளே இல்லை. இடம், வடிவம் சார்ந்த ஒரு வகைப் புதிரில் மட்டும் சற்று நேரத்துக்கு மதிப்பெண் கூடியது, அவ்வளவுதான். அதை வைத்து எத்தனை குறுந்தகடுகள் விற்றார்கள் என்பது தனிக் கதை.

இசை சிகிச்சையைப் பொறுத்தவரை ஆய்வுகள் இருக்கின்றன, அவை ஒரே குரலில் பேசவில்லை. ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளை 9 நாடுகளில் வைத்துச் செய்த பெரிய சோதனை ஒன்று 2017ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும், இன்னொரு குழுவுக்கு அதோடு இசை சிகிச்சையும் கொடுத்தார்கள், ஐந்து மாதத்துக்குப் பிறகு சமூகப் பழக்கம் சார்ந்த அறிகுறிகளில் இரண்டு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2022ல் காக்ரேன் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஒட்டுமொத்த முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் அனேகமாக உதவுகிறது என்று வந்தது. இரண்டையும் சேர்த்தேதான் படிக்க வேண்டும். ஒரு தொண்டு நிறுவனத்தை எடை போட எனக்குப் பிடித்த வழியே இதுதான்: 2017 ஆய்வைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். "ஆமாம், அதனால் நாங்கள் இப்படி மாற்றினோம்" என்று பேசுபவர்களை நம்பலாம். கேட்டதே இல்லை என்பவர்களை, அல்லது கோபப்படுபவர்களை, விட்டுவிடுங்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் ஆய்வுக்கே பணம் கொடுக்கலாமே. மருந்து நிறுவனங்கள் இதற்குச் செலவு செய்யப்போவதில்லை, விற்க ஒன்றும் இல்லை. குறை மாதக் குழந்தைகள் 272 பேரை 11 மருத்துவமனைகளில் வைத்து, பெற்றோர் விரும்பும் பாட்டைத் தாலாட்டாக மாற்றிப் பாடினால் இதயத்துடிப்பும் தூக்கமும் எப்படி மாறுகின்றன என்று பார்த்து 2013ல் ஒரு ஆய்வு வந்தது. அதை நடத்தியவர்கள் நியூயார்க்கில் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் பெயரில் இயங்கும் இசை சிகிச்சைத் துறையைச் சேர்ந்தவர்கள். அந்தத் துறை 1994ல் ஆம்ஸ்ட்ராங் அறக்கட்டளையின் ஆதரவில் தொடங்கியது. ஒரு டிரம்பெட் கலைஞர் தன் பணத்தை ஒதுக்கி வைக்காமல் இருந்திருந்தால் அந்த ஆய்வு நடந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

*

கேள்வி: நாங்கள் ஐந்தாறு நண்பர்கள், ஓரளவு நன்றாகப் பாடுவோம். மாதம் ஒரு முறை குழந்தைகள் வார்டில் போய் இலவசமாகப் பாடலாமா? அதுவும் ஒரு தானம்தானே?

பதில்: தானம்தான், போங்கள். ஆனால் அதை இசை சிகிச்சை என்று எங்கேயும் சொல்லாதீர்கள், போஸ்டரிலும் போடாதீர்கள். அங்கே சிகிச்சையாளர் இருந்தால் முதலில் அவரிடம் பேசுங்கள். எந்த வார்டு, எந்த நேரம், யார் தூங்க வேண்டும், யாருக்கு இன்று சத்தமே ஆகாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை, நாம் சாதாரணமாகப் பேசுவதே அதைவிட அதிகம். மைக், ஸ்பீக்கர் எல்லாம் வெளியிலேயே இருக்கட்டும். சளி, இருமல் இருப்பவர் அன்றைக்கு வீட்டில். அப்புறம், "பாட வேண்டாம்" என்று தலையாட்டும் குழந்தைக்குப் பாடாதீர்கள். நாள் முழுக்க ஊசியும் மருந்துமாக, எதையும் மறுக்க முடியாமல் படுத்திருக்கும் குழந்தை மறுக்கக்கூடிய ஒரே விஷயம் நீங்களாக இருக்கலாம்.

*

கேள்வி: இசை சிகிச்சைக்கு நிதி திரட்ட ஒரு கச்சேரி நடத்த யோசிக்கிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: செலவில். மண்டபம், ஒலி அமைப்பு, விளக்கு, கலைஞர்களின் பயணம், விளம்பரம் என்று போய், கடைசியில் காசோலை கொடுக்கும்போது எல்லோர் முகமும் தொங்கிவிடும். மொத்தமும் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பணத்தை நீங்களே நேராகக் கொடுத்தால் அதைவிட அதிகம் போய்ச் சேருமா என்று பாருங்கள். சேரும் என்றால் கச்சேரியை விட்டுவிடுங்கள். கலைஞர்களும் மண்டபமும் ஒலி அமைப்பும் இலவசமாகக் கிடைத்தால் மட்டும்தான் இந்தக் கணக்கு தேறும்.

பெரிய அளவில் நடந்ததும் உண்டு. 1990 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் நெப்வர்த் என்ற இடத்தில் பால் மெக்கார்ட்னி, பிங்க் ஃபிளாய்டு, எல்டன் ஜான் எல்லோரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். பணம், மேலே சொன்ன இருவரின் பெயரில் இயங்கும் நார்டாஃப் ராபின்ஸ் இசை சிகிச்சை அமைப்புக்கும் ஒரு கலைப் பள்ளிக்கும் போனது. ஆனால் அதே அமைப்புக்காக பிரிட்டிஷ் இசைத்துறை 1976லிருந்து வருடாவருடம் 'சில்வர் கிளெஃப்' என்று ஒரு விருது விருந்து நடத்தி வருகிறது, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஒரு பெரிய நாள் வந்து போய்விடும். வருடம் தவறாமல் வரும் தொகையை நம்பித்தான் ஒரு சிகிச்சையாளரை வேலைக்கு எடுக்க முடியும். உங்கள் கச்சேரியும் சின்னதாக, வருடாவருடம் நடக்கட்டும்.

மேடையில் நோயாளியை ஏற்றாதீர்கள். இதற்கு நான் காரணம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

*

கேள்வி: தாத்தாவின் வயலின் ஒன்று பரணில் கிடக்கிறது. ஏதாவது சிகிச்சை மையத்துக்குக் கொடுக்கலாமா?

பதில்: கேட்டுவிட்டுக் கொடுங்கள். மருத்துவமனையில் ஒரு கருவி ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போவதற்கு முன் கிருமிநாசினியால் துடைக்கப்பட வேண்டும். பழைய மரமும் தோலும் அதைத் தாங்காது. அதோடு வயலினில் புதிதாக ஒருவர் நல்ல சத்தம் எழுப்பவே பல மாதம் ஆகும், சிகிச்சைக்கு வருபவருக்குத் தொட்டதும் ஒலிக்கிற கருவி வேண்டும். நல்ல வயலின் என்றால் விற்றுப் பணமாகக் கொடுங்கள், அல்லது வாசிக்கக் கற்கும் பேத்தி யாராவது இருந்தால் அவளுக்கே.

*

கேள்வி: ஒரு நிறுவனம் நம்பகமானதா என்று எப்படிப் பார்ப்பது? நிர்வாகச் செலவு குறைவாக இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதுமா?

பதில்: போதாது. இந்த நிர்வாகச் செலவு என்ற அளவுகோலே எனக்குப் பிடிக்காது. இசை சிகிச்சையில் செலவு என்பதே பெரும்பாலும் சம்பளம். மேலே சொன்ன குறிப்பு எழுதுவது, மூத்தவரிடம் ஆலோசனை கேட்பது, பயிற்சி எல்லாவற்றையும் சிலர் 'நிர்வாகம்' என்ற தலைப்பில் எழுதுவார்கள், சிலர் 'சேவை' என்று எழுதுவார்கள். எழுதும் விதத்தில் சதவீதம் மாறிவிடும். அதைக் குறைத்துக் காட்டுவதற்காகப் பயிற்சியை வெட்டும் நிறுவனத்தைவிட, நியாயமாகச் செலவு செய்யும் நிறுவனமே மேல்.

அதற்குப் பதிலாக, தணிக்கை செய்த கணக்கு கேளுங்கள். எத்தனை சிகிச்சையாளர்கள், என்ன தகுதி, மாதச் சம்பளமா அல்லது வந்த நாளுக்கு மட்டும் கூலியா என்று கேளுங்கள். போன வருடம் எத்தனை பேருக்குச் சிகிச்சை பாதியில் நின்றது, ஏன் என்று கேளுங்கள், இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர்கள் குறைவு. பாதியில் நிற்பது சாதாரண விஷயம் இல்லை. பல மாதம் பழகி, ஒரு குழந்தை இப்போதுதான் ஒருவரை நம்பத் தொடங்கியிருக்கும், நிதி தீர்ந்தது என்று அவர் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை என்றால் அந்தக் குழந்தைக்கு அதை யார் விளக்குவது? நல்ல சிகிச்சையாளர்கள் முடிவைக்கூட முன்கூட்டித் திட்டமிட்டு, சொல்லித்தான் முடிப்பார்கள். அதற்கு நேரம் வேண்டும், நேரத்துக்குப் பணம் வேண்டும்.

கடைசியாக அவர்களுடைய வீடியோக்களைப் பாருங்கள். முகம் தெரிய, பெயர் சொல்லி, அழும் நோயாளியை நெருக்கத்தில் காட்டி, பின்னணியில் இசையும் சேர்த்துப் பணம் கேட்கிறார்களா? மறதி நோய் உள்ளவர் அதற்கு எப்படிச் சம்மதம் கொடுத்திருக்க முடியும்? நான் அந்த இடத்திலேயே மூடிவிடுவேன்.

*

கேள்வி: எங்கள் சின்ன நிறுவனம் ஒரு நல்ல தொகை கொடுக்க முடியும். எதற்கென்று குறிப்பிட்டுக் கொடுப்பது நல்லதா?

பதில்: தெரிந்த நிறுவனம் என்றால் எதையும் குறிப்பிடாமல் கொடுங்கள். 'குழந்தைகளுக்கு மட்டும்', 'புதுத் திட்டத்துக்கு மட்டும்' என்று கட்டிப்போட்ட பணம் வங்கியில் கிடக்க, மற்ற பிரிவில் ஆளுக்குச் சம்பளம் இல்லாமல் திண்டாடுவது தொண்டு உலகில் வழக்கமாக நடப்பது. நிபந்தனை போட்டே ஆக வேண்டும் என்றால் காலத்துக்குப் போடுங்கள், மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுக்காமல் மூன்று வருடம் தருகிறோம் என்று எழுதிக் கொடுங்கள். அதை நம்பி அவர்கள் ஒருவரை நிரந்தரமாக எடுப்பார்கள். இன்னும் பெரிய தொகை என்றால் படிப்பு உதவித்தொகை. இசை தெரிந்த, பணம் இல்லாத ஒருவர் இந்தப் படிப்பை முடித்துவிட்டால் அதற்குப் பிறகு பல வருடங்கள் வேலை செய்வார். சிகிச்சையாளரே இல்லாத இடங்களில் வேறு எதைவிடவும் இது உருப்படியான செலவு.

உயிலில் எழுத நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தொகையாக எழுதாமல் சொத்தில் இத்தனை பங்கு என்று எழுதுங்கள். இன்று பெரிதாகத் தெரியும் தொகை இருபது வருடத்தில் சுருங்கிவிடும்.

*

கேள்வி: நான் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். மாதம் ஒரு சின்னத் தொகைதான் கொடுக்க முடியும், கேட்கவே கூச்சமாக இருக்கிறது. வருடக் கடைசியில் மொத்தமாகச் சேர்த்துக் கொடுக்கட்டுமா?

பதில்: மாதாமாதமே கொடுங்கள், சின்னத் தொகையாகவே இருக்கட்டும். அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் அவர்களால் அமர்வுகளைத் திட்டமிட முடியும். அதோடு, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், வருடக் கடைசியில் கொடுக்கலாம் என்று சேர்த்து வைக்கும் பணம் வருடக் கடைசி வரை இருப்பதில்லை. வங்கியில் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள். தேதியை மட்டும் சம்பளம் வந்த மறுநாளாக வையுங்கள். மாதக் கடைசியில் வைத்தால் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பி, வங்கி அதற்கும் ஒரு கட்டணம் பிடித்துக்கொள்ளும்.